புதைக்காத துண்டு

அத்தியாயம் 9

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டி ஏறியதும் தாண்டவராயன் இரண்டு பேர் உட்காரும் சீட்டாகத் தேடினான். ஜன்னலோரத்தில் தன் மஞ்சள் பையை வைத்துவிட்டு நடைவழிப் பக்கம் தான் உட்கார்ந்துகொண்டான்.

திரும்பி வரும்போது இப்படித்தான் உட்கார வேண்டும். ஜன்னலோரம் இசைவாணி. இந்தப் பக்கம் அப்பன்.

வண்டி நிறைந்துகொண்டே வந்தது. காலிப் பூக்கூடையோடு ஒருவர் வந்து நின்றார்.

"ஜன்னலோரம் ஆள் வருதா?"

"இல்லீங்கய்யா, இல்லீங்க..." பையை இழுத்துக்கொண்டு தாண்டவராயன் விறைப்பாக எழுந்து நின்றான்.

"அட, உக்காருப்பா. எனக்கின்னாத்துக்கு இவ்ளோ மரியாத? நான் பூ யாவாரி."

விடுதலையாகி இருபத்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் யார் குரல் கொடுத்தாலும் எழுந்து நின்றுவிடுகிறான். கடலூர் சிறையில் பதின்மூன்று வருஷம் பழகிய முதுகு அது. நீதிமன்றம் விடுவித்த சேதி அதற்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆவணி வெயில் ஜன்னல் வழியாக அறைந்தது. தாண்டவராயன் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான்.

"துண்டு இல்லாம கெளம்பிட்டியே. இந்த வெயில்ல தலைக்குப் போட்டுக்க வேணாமா?"

"துண்டு போடறதில்லீங்க."

பூ வியாபாரி அவனை ஒரு தினுசாகப் பார்த்தார். நாற்பத்தாறு வயசு, கரும்பு வெட்டிக் காய்த்த கை, தோளில் துண்டில்லை. அந்தப் பக்கத்து ஆண்பிள்ளைக்கு அது கொஞ்சம் அம்மணம்தான். கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாண்டவராயனை உள்ளே வைத்தது ஒரு துண்டு. வெளியே கொண்டுவந்ததும் அதே துண்டுதான்.

'தானே' புயல் அடித்து இரண்டு மாசம் கழிந்த மாசி மாதம். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கிருஷ்ணசாமியின் கரும்புத் தோட்டத்தில் வெட்டு. கெடாரில் மனைவி கலைமதிக்கு மாசம் நிறைந்திருந்தது. இரண்டு நாள் விடுப்புக் கேட்டான். "வெட்டு முடியாம எவனும் அசையக் கூடாது" என்றார் கிருஷ்ணசாமி. பேச்சு தடித்தது. கையில் கத்தியை வைத்துக்கொண்டு தாண்டவராயன் ஒரு சொல் சொல்லிவிட்டான். பத்துப் பேர் கேட்டார்கள். அன்றிரவே கெடாருக்கு வந்துவிட்டான்.

மறுநாள் விடியற்காலை, ஆம்புலன்ஸ் வருவதற்குள் வீட்டிலேயே குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்தவள் அவன் அக்கா அம்சா. பதற்றத்தில் துணி போதவில்லை. தோளில் கிடந்த துண்டை உருவிக் கொடுத்தவன் தாண்டவராயன். வளைகாப்பில் மாமனார் போட்ட துண்டு, ஒருமுறைகூட நனைக்காதது.

நாலாம் நாள் கிருஷ்ணசாமி மோட்டார் கொட்டகை அருகே வெட்டுப்பட்டுக் கிடந்தார். போலீஸ் நேராகக் கெடாருக்கு வந்தது. கூரை விளிம்பில், இறவாணத்தில் செருகியிருந்த துண்டு கிடைத்தது. அலசியும் போகாத ரத்தக்கறை. கறை 'பி' வகை. செத்தவரும் 'பி' வகை. அந்த நாளில் அதற்கு மேல் யாரும் பார்க்கவில்லை. கலைமதியின் ரத்தமும் அதே வகைதான் என்பதை ஒருவரும் கேட்கவில்லை.

"அது பிரசவத் துணிங்க" என்று அவன் கத்தினான். அதைச் சொல்ல வேண்டியவள் அம்சா. அந்தப் பக்கத்தில் பிரசவத்துக்குப் போட்ட துணி எதையும் வீட்டில் வைக்க மாட்டார்கள். நஞ்சுக்கொடியோடு சேர்த்து அன்றைக்கே புதைத்துவிட வேண்டும். பிரசவம் பார்த்தவள் பொறுப்பு அது.

அம்சா சொன்னாள்: "பிரசவத் துணி ஒண்ணு விடாம அன்னிக்கே பொதைச்சிட்டேன் சார்."

அப்படியானால் இறவாணத்தில் இருந்தது எந்தத் துணி? வழக்கு அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிட்டது. பகையாளி சொல்லியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். சொன்னவள் உடன்பிறந்தவள். ஆயுள் தண்டனை.

குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது கலைமதி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்சா, யாருக்கும் முகம் தெரியாத திண்டிவனத்துக்குப் போனாள். ஒருநாளும் சிறைக்கு வந்து தம்பியைப் பார்க்கவில்லை.

இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் பிரான்சிஸ்தான், மூன்று வருஷத்துக்கு முன்பு அந்தத் துண்டு இன்னும் கோர்ட்டின் சொத்து அறையில் காகித உறைக்குள் அரக்கு முத்திரையோடு கிடப்பதைக் கண்டுபிடித்தார். மேல்முறையீடு போட்டு டி.என்.ஏ. சோதனைக்கு உத்தரவு வாங்கினார். ஒப்பிட்டுப் பார்க்கக் கலைமதி இல்லை. மகளின் ரத்தம் வேண்டும் என்றார்கள். மைனர் பெண் என்பதால் வளர்ப்பவள் கையெழுத்துப் போட வேண்டும்.

அம்சா போட்டாள். அது தன்னையே பொய்க்காரி ஆக்கும் என்று தெரிந்து போட்டாளா, தெரியாமல் போட்டாளா? தாண்டவராயனுக்கு அது இன்றுவரை விளங்கவில்லை.

முண்டியம்பாக்கம் வந்தது. சாலையோரம் பெரிய ஆஸ்பத்திரி. இங்கேதான் மகளைக் கடைசியாகப் பார்த்தான். மஞ்சள் பூத்த உடம்போடு, நீல விளக்குக்கு அடியில், கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். வயசு அஞ்சு நாள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றவனைத்தான் போலீஸ் அழைத்துப் போனது.

நேற்று பிரான்சிஸ் போனில் சொன்னார்: "பொண்ணு உங்க பொண்ணு. கூட்டிக்கினு வர்றத யாரும் தடுக்க முடியாது. ஆனா மொதல்ல அவளக் கேளுங்க."

கேட்கத்தான் போகிறான். கெடாரில் இடிந்த வீட்டின் ஒரு அறையைச் சரிசெய்து தகரம் போட்டிருக்கிறான். இன்னொரு பாய், படிக்க ஒரு மேசை விளக்கு வாங்கி வைத்திருக்கிறான். ஊரில் யாரும் அவன் வாசல் மிதிப்பதில்லை. கொன்றது யார் என்பது இன்னும் தெரியாததால் பாதிப் பேருக்கு அவன்தான் கொலைகாரன். மீதிப் பேருக்கு அவனிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. சாயங்காலம் ஆனால் அந்த விளக்கைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பான்.

அவள் வர மாட்டேன் என்றால்? அதற்கும் ஒரு வாக்கியம் வைத்திருந்தான். பதின்மூன்று வருஷம் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கிய வாக்கியம். 'உங்க அத்தை கோர்ட்ல பொய் சொல்லித்தான் நான் உள்ள போனேன்.' அதைக் கேட்டபிறகு எந்தப் பெண் அந்த வீட்டில் இருப்பாள்?

விக்கிரவாண்டியில் ஜன்னலுக்கு வெளியே அவித்த வேர்க்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, விற்றார்கள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டான்.

*

திண்டிவனத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு சந்து. வரிசை வீடுகளில் கடைசி. நீலக் கதவைத் தட்டுவதற்கு முன் அவன் பையைத் திறந்து பார்த்துக்கொண்டான். தீர்ப்பு நகல், முப்பத்தோரு தாள், பிளாஸ்டிக் உறையில். விடுதலையான நாளிலிருந்து அது இல்லாமல் வெளியே கால் வைத்ததில்லை. எவராவது நிறுத்திக் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும்.

கதவைத் திறந்தவள் இசைவாணி.

கண்ணாடி போட்டிருந்தாள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. நெற்றி அப்படியே கலைமதியின் நெற்றி. அவன் மனசில் அஞ்சு நாள் குழந்தையாகவே இருந்தவள், அவன் தோள் உயரத்துக்கு நின்றாள்.

"வாங்க" என்றாள். அதற்கு மேல் எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடவில்லை.

உள்ளே ஒரே அறை, பின்னால் தடுத்த சமையலறை. அங்கே கரண்டிச் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. கருவாட்டுக் குழம்பு வாசனை. களி கிண்டும் வாசனை. அவனுக்குப் பிடித்ததை அம்சா மறக்கவில்லை. அது அவனுக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது.

"வாடா தாண்டவம்" என்றது உள்ளிருந்து குரல்.

அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மல்லாட்டைப் பொட்டலத்தை மகளிடம் நீட்டினான்.

"உனக்குத்தாம்மா."

அவள் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்குகிறாள்.

"இன்னாடி அது?"

"மல்லாட்டை, அத்தை."

"மல்லாட்டை மண்டியில பொடைக்கிறவ வூட்டுக்கு மல்லாட்டையா! மூணு மூட்ட தோலே கெடக்குது பின்னால" என்றாள் அம்சா. சொன்ன பிறகு, உரிமை எடுத்துவிட்டோமோ என்று பயந்ததுபோல் சட்டென்று அடங்கினாள்.

"பரவால்ல. நான் சாப்புடுவேன்" என்று இசைவாணி ஒன்றை உடைத்து வாயில் போட்டாள். "கை அலம்பிக்கிறீங்களா?"

அலம்பினான். அவள் துண்டை நீட்டினாள். பூப்போட்ட சின்னத் துண்டு. அவன் கை பின்வாங்கியது. ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவள் அதைக் கவனித்தாள். துண்டை மடித்துக் கொடியில் போட்டாள்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சுவர்க் கடிகாரம் ஓடியது.

"எத்தினாவது படிக்கிற?"

"நைன்த். இங்கிலீஷ் மீடியம்."

"நல்லா படிப்பியா?"

"கணக்குதான் பேஜாரு."

அவன் தலையை ஆட்டினான். பிறகு கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை. சிறையில் ஆயிரம் ராத்திரி இவளோடு பேசியிருக்கிறான். அந்தப் பேச்செல்லாம் ஒரு குழந்தையோடு. எதிரே இருப்பவள் வேறு யாரோ. அவள்தான் உதவிக்கு வந்தாள்.

"பையில என்ன, அடிக்கடி தொட்டுப் பாக்கறீங்க?"

"தீர்ப்பும்மா. நான் ஒண்ணும் பண்ணலன்னு ஐகோர்ட்டு எழுதியிருக்குது." உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். "இங்கிலீஷ்ல இருக்குது. வக்கீல் ஒரு தபா படிச்சிக் காட்டினாரு. நீ படிச்சிச் சொல்றியா?"

அவள் துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதலில் ஆங்கிலத்தில் ஒரு வரி, பிறகு தமிழில் ஒரு வரி. வகுப்பில் எழுந்து நின்று படிப்பவள் போலவே படித்தாள். தெரியாத வார்த்தை வந்தால் "இது என்னமோ சட்டம்" என்று தாண்டிப் போனாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். தன் பேர் அவள் வாயில் வந்தது. 'மேல்முறையீட்டாளர் தாண்டவராயன்.' தாளில் இருந்ததால் அவள் அந்தப் பேரைச் சொன்னாள். இருந்தாலும் சொன்னாள்.

"இங்க நான் வர்றேன்" என்றாள் திடீரென்று. குரலில் முதல்முறையாகப் பெண்பிள்ளைத் துள்ளல். "மைனர் சைல்டுன்னு போட்டிருக்காங்களே, அது நான். ஆஸ்பத்திரியில விரல்ல குத்தி அட்டையில ஒத்தி எடுத்தாங்க. ஒரு சொட்டுதான்."

"இன்னா எழுதியிருக்குது?"

"துண்டுல இருக்கற ரத்தம் செத்துப்போனவரோடது இல்லியாம். ஒரு பொம்பளையோடதாம். அந்தப் பொம்பளதான் இந்த மைனர் சைல்டுக்கு..." அவள் நிறுத்தினாள். "எனக்கு அம்மாவாம்."

சமையலறையில் சத்தம் இல்லை.

அவள் தலையை நிமிர்த்தி அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டாள். "உங்களுக்கும் காதுமடல் ஒட்டித்தான் இருக்குது. இதெல்லாம் ஜீன்ஸால வர்றதுன்னு சயின்ஸ் மிஸ் சொன்னாங்க."

அவனும் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நாற்பத்தாறு வருஷத்தில் கவனித்ததில்லை.

அவள் தாளைப் புரட்டினாள். அடுத்த தாளின் மூலை மடிந்திருந்தது.

தாண்டவராயன் அதை அடையாளம் கண்டான். பதினேழாம் தாள். பிரான்சிஸ் படித்துக் காட்டியபோது குரலைத் தாழ்த்தி மூலையை மடித்துவைத்த தாள். அரசுத் தரப்பு ஏழாம் சாட்சி, பேர் அம்சா, மேல்முறையீட்டாளரின் உடன்பிறந்த சகோதரி. 'பிரசவத்துக்குப் பயன்பட்ட துணி அனைத்தையும் அன்றே புதைத்துவிட்டதாக இவர் கூறியது உண்மையல்ல என்பது இப்போது அறிவியலால் நிறுவப்பட்டுள்ளது. இந்த ஒரு சாட்சியத்தின் மீதுதான் தண்டனை நின்றது.'

கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். அவன் நிறுத்தவில்லை. அந்த மடிப்பை மறந்துபோய்த்தான் அவளிடம் கொடுத்தானா? பின்னால் பலமுறை யோசித்தும் அவனால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியவில்லை.

அவள் உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை. ஒருமுறை படித்தாள். மேலே போய் மறுபடி படித்தாள். பிறகு மடிந்த மூலையை நகத்தால் நீவி நேராக்கினாள். தாளைத் திருப்பினாள். பதினெட்டிலிருந்து, அதே வகுப்புக் குரலில், சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள்.

முப்பத்தொன்று வரை நிற்கவில்லை. முடித்து, தாள்களைத் தட்டி அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தத் துண்டு இப்ப எங்க இருக்குது?"

"கோர்ட்டுலதாம்மா."

"கேட்டா குடுப்பாங்களா?"

"வக்கீலக் கேக்கணும். எதுக்கும்மா?"

சமையலறை வாசலில் அம்சா வந்து நின்றாள். தாண்டவராயன் அப்போதுதான் அவளைப் பார்த்தான். அம்பத்து மூன்று வயதுக்கு மேலே பத்து வயது கூடத் தெரிந்தது. முழங்காலில் பழைய துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். "அந்தக் கர்மத்த எதுக்குடி கேக்கற?"

இசைவாணி திரும்பிப் பார்க்கவில்லை.

"பொதைக்கணும்ல அத்தை. நான் பொறந்த அன்னிக்கே பொதைச்சிருக்கணும்ல."

அடுப்பில் குழம்பு கொதித்து விளிம்பில் வழிந்து அனலில் சீறியது. அம்சா அதை அணைக்கப் போகவில்லை. அந்தப் பெண்தான் எழுந்து போய் அணைத்தாள். திரும்பி வரும்போது ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து அத்தையின் கையில் கொடுத்தாள். "உக்காரு. நின்னா கால் வீங்கும்."

மூவரும் சாப்பிட்டார்கள். கை கழுவியபிறகு, அவன் கேட்க வந்ததைக் கேட்டான்.

"கெடார்ல ஒரு ரூம் சரி பண்ணி வெச்சிருக்கறேன். படிக்க விளக்குகூட இருக்குது. நீ எங்கூட... வந்து இருக்கறியாம்மா?"

அவள் தரையைப் பார்த்தாள். யோசித்தாள் என்று சொல்ல முடியாது. யோசித்து வைத்திருந்ததைத் தேடி எடுத்தாள்.

"அத்தைக்கு முட்டி தேஞ்சிடுச்சி. தெருக் கொழாய்லேர்ந்து கொடம் தூக்க முடியாது. நான்தான் தூக்கறேன்." பிறகு மெல்ல: "காலாண்டுப் பரீட்சை வேற வருது."

தேய்த்துக் கூராக்கி வைத்திருந்த அந்த வாக்கியம் அவன் தொண்டை வரை வந்து நின்றது. அதைச் சொல்வதற்கு இனி இடமில்லை. அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் இதைச் சொல்கிறாள்.

"சரிம்மா" என்றான்.

அவன் பையை எடுத்தபோது தீர்ப்பு அவள் மடியிலேயே இருந்தது.

"இத வெச்சிட்டுப் போறீங்களா? அடுத்த ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கங்க."

விடுதலையானபின் அது இல்லாமல் அவன் பஸ் ஏறியதில்லை. "சரி" என்று அதற்கும் சொன்னான்.

*

ரயில்வே கேட் மூடியிருந்தது. பின்னால் செருப்பை இழுக்கும் சத்தம். அம்சா ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்து பக்கத்தில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"படிச்சிட்டாளா?"

"படிச்சிட்டா."

"வாய் விட்டுப் படிக்கலியே."

"அந்த ஒரு தாள மட்டும் மனசுக்குள்ள படிச்சா. ரெண்டு தபா."

அம்சா முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். "படிச்சிட்டுத்தான் எனக்குத் தண்ணி மொண்டாந்து குடுத்தாளா?"

அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதின்மூன்று வருஷத்துக் கேள்வி. ஒரே ஒரு வார்த்தை.

"ஏங்க்கா?"

"எங்க வெச்சிக் கேட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?" கேட்டைப் பார்த்தே பேசினாள். "ஆஸ்பத்திரி வராண்டாவுல. நீ ஜீப்புல உக்காந்துக்கினு இருந்த. கலைமதி எம்பக்கத்துல நின்னுக்கினு இருந்தா. கண்ணாடிப் பொட்டிக்குள்ள புள்ள மஞ்சளா கெடக்குது, பொழைக்குமா பொழைக்காதான்னு தெரியல. தெருப் பொம்பளைங்க எல்லாம், தீட்டுத் துணி எங்கனா தங்கிப் போச்சா, அதான் புள்ளைக்கு இப்படின்னு பேசிக்கினு இருந்தாளுங்க. அந்த நேரம் பாத்து போலீஸ்காரன் வந்து, 'பிரசவத் துணிய இன்னாம்மா பண்ண'ங்கறான். புதுத் துண்டாச்சே, அவுங்க அப்பா போட்டதாச்சேன்னு ஆசப்பட்டு அலசிச் செருகி வெச்சவ நான். கலைமதி மூஞ்சப் பாத்துக்கினு அத எப்டிடா சொல்வேன்? எம்புள்ளய நீதான் கொல்றன்னு கேட்டுடுவாளே. பொதைச்சிட்டேன்னேன். அது உன் கழுத்துக்கு வரும்னு எனக்கு இன்னா தெரியும்?"

"கோர்ட்ல மாத்திச் சொல்லியிருக்கலாமில்ல."

"மாத்திச் சொன்னா பொய்ச் சாட்சின்னு என்னையும் தூக்கி உள்ள வெச்சிடுவாங்கன்னாங்க. அப்ப கலைமதி காமாலை கண்டு படுத்துட்டா. கொழந்த என் இடுப்புல. நானும் போயிட்டா அத யார்றா பாப்பாங்க?"

"கையெழுத்து மட்டும் எப்டிப் போட்ட?"

"அவளுக்குப் பன்னெண்டு வயசாச்சி. சோறு பொங்கிக்குவா. நான் உள்ள போனாலும் பொழைச்சிக்குவா. அதான் போட்டேன்."

அவ்வளவுதான். நிலத்துக்கு ஆசைப்பட்டாள், கிருஷ்ணசாமி ஆட்களுக்குப் பயந்தாள், யாரிடமோ கை நீட்டினாள் என்றெல்லாம் பதின்மூன்று வருஷமாக அவன் காரணம் கட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் பெரிய காரணம். வெறுப்பதற்கு வாகான காரணம். கடைசியில் கையில் கிடைத்தது இது. ஒரு வராண்டா, ஒரு புதுத் துண்டு, அரை நிமிஷத்துக் கூச்சம்.

சிறையில் அவனுக்குத் துணையாக இருந்தது அந்த வெறுப்புதான். இப்போது அதுவும் கைவிட்டுப் போனதுபோல் இருந்தது.

ரயில் கடந்தது. கேட் மேலே ஏறியது. ஸ்கூட்டர்கள் உறுமின.

"இன்னா மூஞ்ச வெச்சிக்கினு நான் வூட்டுக்குப் போவேன்? சொல்லுடா தாண்டவம்."

"தெரியலக்கா." அவன் நிஜமாகத்தான் சொன்னான். "எனக்கே இருவத்திமூணு நாளா அது தெரியல. நீ போ. அவ தனியா இருப்பா."

அம்சா திரும்பி நடந்தாள். நாலு அடி போனதும் நின்றாள். "துண்ட வாங்கிக் குடுத்துடாதடா. அத அவ கையால பொதைக்க வெச்சிடாத." பதிலுக்குக் காத்திராமல் சந்துக்குள் திரும்பிவிட்டாள்.

*

விழுப்புரம் வண்டி பாதி காலியாக இருந்தது. அவன் காலையில் மாதிரியே நடைவழிப் பக்கம் உட்கார்ந்தான். பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உள்ளே ஒன்றுமில்லை, கனமே இல்லை. ஜன்னலோரத்தில் வைத்தான். காற்றில் அது சரிந்து சரிந்து விழுந்தது.

பிரான்சிஸுக்குப் போன் போட்டான்.

"சொல்லுங்க தாண்டவராயன், பொண்ணு வந்துதா?"

"சார், ஒண்ணு கேக்கணும். அந்தத் துண்ட நாம திரும்பிக் கேட்டா குடுப்பாங்களா?"

"மனு போடலாம். ஆனா ஜல்தியா போடணும். கேஸ் முடிஞ்ச சொத்தையெல்லாம் அழிக்கறதுக்குப் பட்டியல் எடுத்துட்டாங்க. வர்ற வெள்ளிக்கெழமன்னு நெனைக்கறேன். யாருக்கு வேணும்? உங்களுக்கா?"

தாண்டவராயன் வாய் திறப்பதற்குள் வண்டி மயிலம் கூட்டுரோட்டில் நின்றது. மாலை நேரக் கூட்டம் மொத்தமாக ஏறியது. நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்த ஒரு ஆள் அவன் அருகே நின்றார்.

"ஜன்னலோரம் ஆள் வருதாங்க?"

அவன் எழுந்து நிற்கவில்லை. அது அவனுக்கே தெரியவில்லை. போனைக் காதில் பிடித்தபடியே காலிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இன்னிக்கி இல்லீங்க. உக்காருங்க."